டீக்குப் பிறகு வந்த நீலம்

புனேவில் எனக்கு வாய்த்த ஒரே விரோதி ஒரு தமிழர். மராட்டிக்காரர்கள் யாரும் என்னிடம் பெரிதாக வம்புக்கு வந்ததில்லை. பஸ்ஸில் இடித்தவர்கள் உண்டு, காய்கறிக் கடையில் அழுகல் தக்காளியைத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. அவர்களை அன்றைக்கே திட்டி அன்றைக்கே மறந்துவிட்டேன். இவரை மட்டும் மறக்க முடியவில்லை. அவர் எங்கள் ஆய்வகத்தின் தலைவர். அவர் இருந்த அறையில் பிற்பாடு பல வருஷம் நான் உட்கார்ந்தேன். அது எப்படி என் கைக்கு வந்தது என்பதை எழுதப் போகிறேன். படித்தால் என் மேல் யாருக்கும் மரியாதை வராது, பரவாயில்லை.

இரண்டாயிரம் பிறந்த புதிது. போசரியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு இரண்டு மாடிக் கட்டடம், அதுதான் எங்கள் கம்பெனி. கால்நடைத் தீவனத்தில் கலக்கும் சரக்குகளைச் செய்து விற்றது. நான் நிக்டியில் ஒரு வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தேன். சொந்த ஊர் நாமக்கல், அப்பாவுக்குக் கோழிப் பண்ணை. கோழி மேல் எனக்குப் பாசம் எதுவும் கிடையாது. அந்த நாற்றம் தலைமுடியை விட்டுப் போனால் போதும் என்றுதான் பயோகெமிஸ்ட்ரி படித்தேன். படித்து முடித்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து, கோழித் தீவனத்திலேயே விழுந்தேன்.

எங்கள் வேலை இதுதான். மக்காச்சோளத்திலும் சோயாவிலும் பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது, ஆனால் பூட்டிக் கிடக்கிறது. கோழியின் வயிற்றில் அந்தப் பூட்டுக்குச் சாவி இல்லை. தின்ற பாஸ்பரஸ் எச்சத்தோடு வெளியே போய்விடும். எலும்புக்கு வேண்டுமே என்று டி.சி.பி. என்ற வெள்ளைத் தூளைத் தீவனத்தில் தனியாகக் கொட்டுவார்கள். பைட்டேஸ் என்ற என்சைமைக் கலந்தால் பூட்டு திறக்கும், தூளைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் தீவனத்தைக் குச்சி குச்சியாகப் பெல்லட் அடிக்கும்போது நீராவி விடுவார்கள். அந்தச் சூட்டில் என்சைம் முட்டை வேகிற மாதிரி வெந்துபோகும். வெந்தது எந்தப் பூட்டையும் திறக்காது.

ஆகவே சூட்டைத் தாங்கும் பைட்டேஸ் வேண்டும். அதை உண்டாக்கும் ஜீனில் வேண்டுமென்றே சின்னச் சின்ன மாற்றங்களைப் புகுத்தி, ஆயிரக்கணக்கில் வகைகளை வளர்த்து, ஒவ்வொன்றையும் சுடவைத்து, எது பிழைக்கிறது என்று தேடுவோம். பிழைத்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். சுடவைத்த குழாயில் பூட்டிய பாஸ்பரஸைப் போட்டு, பிறகு ஒரு மருந்தை ஊற்ற வேண்டும். என்சைம் உயிரோடு இருந்தால் குழாய் நீலமாகும். செத்திருந்தால் தண்ணீர் மாதிரி இருக்கும்.

தலைவரின் குடும்பம் அவர் அப்பா காலத்திலேயே ராணுவ அலுவலக வேலைக்காகப் புனே வந்தது. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பேச்சில் பாதி மராட்டி இருக்கும். நான் சேர்ந்த அன்றைக்கே, "நாமக்கல்லா? அரே, லாரி ஊராச்சே! நீ லாரியிலேயே வந்துட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்களுக்கு அதை மராட்டியில் பெயர்த்தும் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு லாரி என்று பெயர். நான் நடந்து வந்தால் யாராவது ஒருவர் வாயாலேயே ஹார்ன் அடிப்பார்கள்.

"சார், அப்படிக் கூப்பிட வேண்டாமுங்க" என்று ஒரு முறை சொன்னேன்.

"வேண்டாமுங்க! சரீங்க! ஆகட்டுங்க!" என்று என் குரலிலேயே இழுத்தார். "கோச்சுக்காதேம்மா, ஆபீஸ்ல கொஞ்சம் மஜா வேண்டாமா?"

மஜா அவருக்கு. எரிச்சல் எனக்கு. இதில் இன்னொரு கொடுமை, மற்றவர்கள் நாங்கள் இருவரும் ஒரே கூட்டு என்று நினைத்தார்கள். எனக்கு எது கிடைத்தாலும் உங்கள் ஆள்தானே கொடுத்தார் என்பார்கள்.

பதினொரு மணிக்கு எல்லோரும் கேட்டுக்கு வெளியே இருந்த டப்ரி என்ற டீக்கடைக்கு அரை டம்ளர் கட்டிங் சாய் குடிக்கப் போவது ஆய்வகத்தின் வழக்கம். வாட்டர் பாத் என்ற சுடுதண்ணீர்ப் பெட்டியிலிருந்து குழாய்களை எடுத்து, ஆறட்டும் என்று மேஜை மேல் வைத்துவிட்டுப் போவார்கள். அரை மணி நேரம் கிரிக்கெட், வீட்டு வாடகை, வடாபாவ். திரும்பி வந்து மிச்ச வேலை. செய்முறைத் தாளில் 'அறைச் சூட்டுக்கு ஆறவிடவும்' என்று ஒரு வரி இருந்தது. எவ்வளவு நேரம் என்று யாரும் எழுதவில்லை. டீக்கு ஆகிற நேரம் எல்லோருக்கும் தெரியும்தானே.

நானும் முதலில் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் டப்ரியில் அவர் நான் போனில் அம்மாவிடம் பேசுவதை நடித்துக் காட்டினார். "சாப்டேனுங்கம்மா, தூங்கினேனுங்கம்மா" என்று. டீக்கடைக்காரன்கூடச் சிரித்தான். கண்ணாடி டம்ளரைப் பாதி டீயோடு வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு டீக்குப் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் எஃப்-ஏழு வந்தது. வகைகளை வளர்த்த தட்டில் அது இருந்த இடத்தை வைத்து அந்தப் பெயர். பதினெட்டு மாதம் தேடியதில் கிடைத்த ஒரே வகை, பெல்லட் சூட்டில் வைத்தாலும் குழாய் கருநீலமாக வந்தது. தலைவர் ஆய்வகம் முழுக்கப் பேடா கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது, "லாரிக்கு டீசல்" என்றார்.

எஃப்-ஏழைத் திரும்பத் திரும்பச் சோதித்து உறுதி செய்யும் வேலை என்னிடம் வந்தது. மற்றவர்கள் டீக்குப் போயிருக்க, நான் தனியாகக் குழாய்களை எடுத்து ஐஸ் தண்ணீரில் முக்கி, ஆறியதும் உடனே மேற்கொண்டு செய்தேன். நீலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் வேறொருவரைச் செய்யச் சொன்னார். அந்த ஆள் செய்தால் நீலம் வந்தது. தலைவர் அந்தக் குழாயை ஒரு கையிலும் என் குழாயை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ஆய்வகத்தின் நடுவில் நின்றார். "இது எஃப்-ஏழு. இது நாமக்கல் தண்ணி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உன் கை சரியில்லம்மா. பிபெட் பிடிக்கறதே வரலை. கொஞ்ச நாள் பாத்திரம் கழுவு, அவ்வளவுதான்" என்றார்.

முதுகலை முடித்து ஆறு வருஷம் பிபெட் பிடித்த கை. அன்று பாத்ரூமில் போய் அழுதேன். அழுததற்காக என் மேலேயே கோபம் வந்தது. இந்த ஆளின் முகத்தில் கரி பூசாமல் புனேவை விட்டுப் போகமாட்டேன் என்று கறுவிக்கொண்டேன்.

கழுவுகிற வேலை என்றாலும் வாட்டர் பாத் பக்கத்தில்தான் தொட்டி. ஒரு வியாழக்கிழமை, எல்லோரும் டீக்கு இறங்கியதும், எஃப்-ஏழைப் பத்துக் குழாய்களில் சுடவைத்தேன். ஐந்தை ஐஸில் முக்கி உடனே சோதித்தேன். ஐந்தை அவர்கள் வழக்கப்படி மேஜை மேல் வைத்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்கும் வரை அவற்றைத் தொடவில்லை. முதல் ஐந்தும் தண்ணீர். அடுத்த ஐந்தும் கருநீலம்.

வெந்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகாது. எஃப்-ஏழு ஆகும். சூட்டில் அதுவும் மற்றதைப் போலச் செத்துக் குலைந்துதான் போகிறது. ஆனால் தண்ணீரில் அரை மணி நேரம் சும்மா விட்டால் தானே பழையபடி மடிந்து எழுந்துகொள்கிறது. பதினெட்டு மாதம் நாங்கள் தேடிப் பிடித்தது சூட்டைத் தாங்கும் என்சைமை அல்ல. நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் என்சைமை.

பெல்லட் மில்லில் அதற்கு அரை மணி நேரம் யார் கொடுப்பார்கள்? நீராவி பட்டு வெளியே வந்த குச்சியை அடுத்த நிமிஷம் ஃபேன் போட்டுக் காயவைத்துவிடுவார்கள். தண்ணீரும் இல்லை, நேரமும் இல்லை. செத்தது செத்ததுதான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கண்டுபிடித்த சந்தோஷம் அதில் கால் பங்குகூட இல்லை. அவரை மாட்டிவிடக் கிடைத்ததே என்றுதான் இருந்தது. நோட்டில் தேதி போட்டு, எல்லாவற்றையும் விவரமாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், அன்றைக்கு அவர் அறைக்குப் போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அப்புறம் வா என்பதுபோல் கையை வீசினார். வாசலில் நான் நின்றது பத்து விநாடி இருக்கும். திரும்பி வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லாமல் இருக்க ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. மும்பையிலிருந்து முதலாளி வரும் கூட்டத்துக்கு ஒரு மாதம் இருந்தது. அங்கே, எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்று முடிவு செய்தேன். நோட்டை மேஜை இழுப்பில் வைத்துப் பூட்டினேன்.

நடுவில் கோழிகள் இருந்தன.

எஃப்-ஏழைப் போட்டு, டி.சி.பி.யைப் பாதியாகக் குறைத்து, ஷிரூர் பக்கத்தில் ஒரு பண்ணையில் ஒரு ஷெட் முழுக்கப் பிராய்லர் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. குச்சியை உடைத்து என்சைம் இருக்கிறதா என்று சோதிக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "குழாய்தான் சொல்லிடுத்தே, இனிமே கோழியே சொல்லட்டும்" என்றார் தலைவர். மில் ரஞ்சன்காவில் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை, கழுவுகிற ஆள்தானே என்று, மூட்டைகள் ஏறுவதைப் பார்க்க என்னை அனுப்பினார்.

குச்சிகள் இளம் பழுப்பாக, சூடாக, நல்ல மணத்தோடு வந்தன. ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். அதற்குள் இருந்தது பிணம் என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். டெம்போ நின்றது. டிரைவர் சலானை நீட்டினான். 'சோதித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்து வேண்டும் என்றான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூட்டைகளை இறக்கியிருப்பார்கள். குஞ்சுகளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, நான் பண்ணையில் பிறந்தவள். ஆனால் இப்போது சொன்னால் சத்தமில்லாமல் முடிந்துவிடும், அவர் ஏதாவது ஒரு சமாதானம் சொல்லித் தப்பித்துக்கொள்வார் என்றுதான் மனசு ஓடியது. கையெழுத்துப் போட்டேன். நல்ல தெளிவான கையெழுத்து.

அடுத்த மூன்று வாரம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டு, யாராவது ஹார்ன் அடித்தால் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு இருந்தேன். அவ்வளவு நல்ல மனநிலையில் நான் புனேவில் இருந்ததே இல்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் பண்ணைக்காரர் போன் செய்தார். தலைவர் ஜீப்பை எடுக்கச் சொன்னார். கோழி தெரிந்தவள் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. அவர் வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஷெட்டுக்குள் சத்தமே இல்லை. மூன்று வாரக் குஞ்சுகள் இருக்கிற இடத்தில் காது கிழிய வேண்டும். எல்லாம் உமி மேல் உட்கார்ந்திருந்தன. தீவனத் தட்டு இரண்டடியில் இருந்தது. ஒன்று அதை நோக்கி முழங்காலால் நகர்ந்தது, கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. பண்ணைக்காரர் என் வயசுக்காரர், சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் மராட்டியில் மெதுவாக, "பசிக்கிறது மேடம், எழுந்து போகத்தான் முடியவில்லை" என்றார். தானும் மனைவியும் காலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கித் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பதாகச் சொன்னார். பிறகு ஆணியில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய சலானைக் காட்டினார். "சோதித்தது என்று கையெழுத்து இருந்ததே, அதனால்தான் பழைய தீவனத்தை நிறுத்தினேன்."

தலைவர் அந்தச் சலானைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு, இஸ்திரி போட்ட பேண்டோடு உமியிலேயே உட்கார்ந்து ஒரு குஞ்சை எடுத்தார். அலகைப் பெருவிரலால் அழுத்தினார். ரப்பர் மாதிரி வளைந்தது. எலும்புக்குப் பாஸ்பரஸ் போகவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஜீப்பில் திரும்பும்போதுதான் பேசினார். "அன்னிக்கு நீ நிறம் வரலைன்னு சொன்னியே. உன் கை சரியாத்தான் இருந்திருக்கும்போல. நான்தான்... அரே, எங்கே தப்புன்னே புரியலையே. உனக்கு ஏதாவது தோணறதாம்மா?"

நான் மாதக்கணக்கில் கேட்க ஏங்கிய பேச்சு அது. ஜீப்பில், டிரைவருக்குப் புரியாத தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி வந்தது. எனக்கு அது போதவில்லை. ஆய்வகத்தின் நடுவில் என்னை அவமானப்படுத்தியவர் மன்னிப்பையும் நடுவில்தான் கேட்க வேண்டும். "தெரியலீங்க சார்" என்றேன்.

மறுநாள் முதலாளி வந்தார். பண்ணை விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது, முகம் கடுகடுவென்று இருந்தது. நான் எழுந்து, எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள் என்றேன். கூட்ட மேஜை மேலேயே செய்து காட்டினேன். சுடவைத்த குழாய்கள் பத்து. ஐந்து ஐஸில், ஐந்து சும்மா. காத்திருந்த நேரத்தில் டீ வரவழைத்தேன். எல்லோரையும் குடிக்கச் சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வேலை அது. கடைசியில் ஐந்து தண்ணீராகவும் ஐந்து நீலமாகவும் வரிசையாக நின்றன. பதினெட்டு மாத வேலையும் உங்கள் கையிலிருக்கும் டம்ளரால் கெட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். யாரும் ஹார்ன் அடிக்கவில்லை.

முதலாளி எழுந்து வந்து கை கொடுத்தார். இந்தப் பெண்ணைப் பாத்திரம் கழுவவா வைத்திருந்தீர்கள் என்று தலைவரைப் பார்த்துக் கேட்டார். அவர் தலை குனிந்தது. நான் நினைத்த எல்லாமே நினைத்தபடி நடந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை. என் நோட்டு கைக்குக் கை மாறி மேஜையைச் சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் படித்துத் தலையாட்டி அடுத்தவருக்குத் தள்ளினார்கள். கடைசியாக அது தலைவரிடம் போனது.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பக்கத்தின் அடிவரை போனவர் மறுபடி மேலே வந்தார். தேதி போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார். நேற்றுச் சலானைப் பார்த்த அதே பார்வை. எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. மற்ற யாரும் அந்தத் தேதியைக் கவனித்திருக்கவில்லை, அவர்கள் சலானைப் பார்க்கவும் இல்லை. ஒரு வார்த்தை ஹிந்தியில் சொன்னால் நான் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவர் தமிழில் பேசினார். அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டுமே புரியும் தமிழில்.

"வியாழக்கிழமையே எழுதிட்டே. மூட்டைக்குக் கையெழுத்துப் போட்டது திங்கட்கிழமை." குரலில் கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை. "என் மேல உனக்கு ஆத்திரம், நியாயம்தாம்மா. அந்தக் கோழி உன்னை என்ன பண்ணித்து?"

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் என்ன சொல்கிறார் என்று ஹிந்தியில் என்னைக் கேட்டார்.

"ரொம்ப நல்ல வேலை என்கிறார், சார்" என்றேன்.

தலைவருக்கு என்னைவிட நன்றாக ஹிந்தி தெரியும். நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். என் பொய்யைத் திருத்தவில்லை.